தெரிந்தே வாங்கிய நோய்

பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கு அவள் பொறுப்பில் இருந்தது. ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அவள் ஸ்டோர் அக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிளட்ச் பிளேட்டா, பேரிங்கா, விசிறி பெல்ட்டா, எது எந்த அடுக்கில் கிடக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் போய்ச் சாய வேண்டும் என்று ஆன பிறகு, கவுண்டருக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் வந்தது. கொஞ்ச நாளில் ஸ்டூலின் மேல் ஒரு தலையணை வந்தது.

"அடுத்தது கட்டில்தானா அக்கா?" என்று ஒரு மெக்கானிக் கேட்டான். அவளும் சிரித்தாள். சிரிப்பதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

வலி என்றால் இங்கே வலிக்கிறது என்று காட்டலாம். இது அப்படி இல்லை. காலையில் எழுந்து பல் துலக்கி முடிக்கும்போதே ஒரு நாள் வேலை பார்த்து முடித்தது போல இருக்கும். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக் குனியப் பயந்து அப்படியே உட்கார்ந்திருப்பாள். கணவர் வந்து கழற்றிவிடுவார். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். சிறுநீரகம் தருவதற்கு முதல் ஆளாகப் போய் நின்றவர் அவர்தான். பரிசோதனையில் சர்க்கரை நோய் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனைவிக்குத் தர முடியவில்லையே என்று வருந்துவதா, தனக்கும் ஒன்று வந்துவிட்டதே என்று வருந்துவதா என்று தெரியாமல் அவர் பாவம் இரண்டையும் சேர்த்தே சுமந்தார்.

இறந்தவர்களின் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டு கிடந்தது. சொந்தத்தில் மிச்சம் இருந்தது தம்பி ஒருவன்தான்.

தம்பி பல வருடங்கள் போதை ஊசியில் கிடந்தவன். காவல் நிலையத்திலிருந்தும் மறுவாழ்வு இல்லங்களிலிருந்தும் அவனைக் கூட்டி வந்து கூட்டி வந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இப்போது விட்டுவிட்டான். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. எத்தனை வெக்கையிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான்.

ஒரு விடுமுறை நாளில் வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே சொன்னான். "நான் தர்றேன்கா."

"எதை?"

"சிறுநீரகத்தை."

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "நீ தர்றேன்னு சொன்ன எதையாவது இதுவரைக்கும் தந்திருக்கியாடா?"

மறுநாளே அவன் மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான்.

முடிவைக் கேட்கப் போனபோது அக்காவும் கூட வர வேண்டும் என்று அவனே சொன்னான். சிறுநீரக மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"உங்களுக்கு ஹெபடைட்டிஸ் சி இருக்கு" என்றார் அவனிடம். "கல்லீரலைத் தாக்கற வைரஸ். ரத்தம் மூலமாத்தான் பரவும். ஊசிப் பழக்கம் இருந்துச்சுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அங்கேருந்து வந்திருக்கலாம்."

தம்பி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"உட்காருங்க, நான் இன்னும் முடிக்கல" என்றார் மருத்துவர். "முன்னாடின்னா இத்தோட முடிஞ்சிருக்கும். இப்ப மாத்திரை இருக்கு. மூணு மாசம், ஒரு நாள் விடாமச் சாப்பிடணும். அப்புறம் இன்னொரு மூணு மாசம் பொறுத்துப் பாக்கணும். வைரஸ் திரும்ப வரலைன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம். அப்ப சிறுநீரகத்தைப் பத்திப் பேசலாம். ஆனா ஒண்ணு. இவரோட கல்லீரல் கொஞ்சம் இறுகியிருக்கு. வீக்கத்தால இறுகியிருந்தா வைரஸ் போனதும் தளரும். தழும்பா இருந்தா தளராது, அந்தக் கல்லீரலோட அறுவை சிகிச்சை பண்ணா இவருக்கே ஆபத்து. எதுன்னு அப்பத்தான் தெரியும்."

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு நாள் விடாமலா? உன் தம்பி ஒரு நாள் விடாமச் செஞ்சது வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் கோபப்படவில்லை. அவளும் அதையேதான் நினைத்திருந்தாள்.

டயாலிசிஸ் நாட்களில் தம்பி சலவைக்கூடத்திலிருந்து நேராக வந்துவிடுவான். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாத்திரையை வாயில் போட்டு விழுங்கி, வாயை ஆவென்று திறந்து நாக்கை மேலும் கீழும் தூக்கிக் காட்டினான். சிறுநீரகங்கள் செத்துப்போன ஆறேழு பேர் தத்தம் நாற்காலிகளிலிருந்து அவனைப் பார்த்தார்கள்.

"என்னடா இது கூத்து?"

"மறுவாழ்வு இல்லத்துல இப்படித்தான் காட்டச் சொல்வாங்க. பழகிப்போச்சு."

"மூடுடா வாயை."

ஆனால் அடுத்த தடவையும் காட்டினான். அதற்கடுத்த தடவையும். சில வாரங்களில் அவள் நிஜமாகவே எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். மற்ற நாட்களில் ஃபோனில் படம் அனுப்பினான். இருட்டில் எடுத்த, ஆடிப்போன படங்கள். யாருடைய நாக்கு என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் எதையும் அழிக்கவில்லை.

மாத்திரை முடிந்தது. காத்திருப்பும் முடிந்தது. வைரஸ் திரும்பவில்லை.

"குணமாயிட்டீங்க" என்றார் மருத்துவர். தம்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மருத்துவர் அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்தார். பிறகு சொன்னார்.

"ஆனா கல்லீரல் தளரல. தழும்புதான். வைரஸ் போனாலும் அது வந்துட்டுப்போன இடம் அப்படியே இருக்கு. இவர்கிட்டேருந்து நான் எதையும் எடுக்க முடியாது."

"நானே எழுதிக் கொடுக்கறேன் மேடம். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல" என்றான் தம்பி.

"உங்களுக்குப் பரவாயில்லன்னாலும் நான் அப்படி இருக்கக் கூடாதே. ஒரு நோயாளியைக் குணப்படுத்த இன்னொரு நோயாளியை உண்டாக்கற வேலையை நான் செய்ய மாட்டேன்."

வெளியே நடைவழியில் தம்பி முன்னால் போனான். அக்காவுக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக உள்ளுக்குள் ஏதோ லேசானது போல இருந்தது. என்னவென்று யோசித்தாள். இனி வாழ்நாள் முழுக்க அவன் உறுப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு, அவன் மேல் நிம்மதியாகக் கோபப்படக்கூட முடியாமல் இருக்க வேண்டியதில்லை. இப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. வெறுப்பையும் நீட்டிக்க முடியவில்லை, அவ்வளவு அசதி.

அதற்குப் பிறகு தம்பி வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. ஒரு வாரம் போனது, அதற்கு மேலும் போனது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவர் படுகிற பாடு அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. இருவர் மனதிலும் ஓடியது ஒன்றுதான். பழைய இடத்துக்கே போயிருப்பான்.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் அவளே சலவைக்கூடத்துக்குப் போனாள். உள்ளே ஆவி அடித்தது. ஆள் உயர இயந்திரங்கள் அழுக்குத் துணியைச் சுழற்றிக்கொண்டிருந்தன. மேற்பார்வையாளர் கையைக் காட்டிய மூலையில், துவைத்த விரிப்புகள் மலைபோலக் குவிந்திருந்தன. அதன் பின்னால் தம்பி நின்று மடித்துக்கொண்டிருந்தான்.

அவள் எதுவும் விசாரிக்கவில்லை. "கையைக் காட்டு" என்றாள்.

அவன் விரிப்பைக் கீழே வைத்தான். சட்டைக் கைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி மேலே ஏற்றினான். இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் நீட்டினான். பழைய வடுக்கள் இருந்தன. எல்லாம் பழையவை.

"பின்ன ஏன்டா ஃபோனை எடுக்கல?"

"எடுத்து என்னக்கா சொல்றது? போலீஸ் ஸ்டேஷன்ல இருந்தா, வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்லலாம். இந்தத் தடவை ஒரு தப்பும் பண்ணாம, எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சு தோத்துட்டேன். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் நிற்க முடியாமல் ஒரு துணிமூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கு ரொம்ப அசதியா இருக்குடா."

"எனக்கும்தான்க்கா."

வெதுவெதுப்பாக இருந்த அந்த மூட்டையிலேயே அவள் தூங்கிப்போனாள். அவன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து சத்தமில்லாமல் மடித்துக்கொண்டிருந்தான்.

அந்த மாதத்திலேயே, டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது, உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இறந்தவர்களின் குடும்பத்தோடும் காத்திருக்கும் நோயாளிகளோடும் பேசுவதுதான் அந்தப் பெண்ணின் வேலை. எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவர். அன்று செருப்பிலிருந்து குதிகாலை விடுவித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு வேற ஒரு வழி இருக்கு. அவசரமே இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க. உறுப்பு தானமாக் கிடைக்கற இறந்தவங்கள்ல சில பேருக்கு ஹெபடைட்டிஸ் சி இருக்கும். கல்லீரல்லதான் பிரச்சினை. சிறுநீரகம் நல்லா வேலை செய்யும். அதைத் தெரிஞ்சே வாங்கிக்க சம்மதிக்கறவங்க குறைவு. சம்மதிச்சா சீக்கிரம் கிடைக்க வாய்ப்பு அதிகம்."

"வைரஸ் எனக்கு வந்துடுமே?"

"வந்துடும். வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வந்ததும் மாத்திரை ஆரம்பிப்போம். கிட்டத்தட்ட எல்லாருக்குமே போயிடுது. ரொம்பச் சில பேருக்கு ரெண்டாவது தடவை மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். மத்த வைரஸுக்கெல்லாம் பரிசோதனை பண்ணித்தான் எடுப்போம். ஆனா கடைசி நேரத்துல தொத்தின ஒரு வைரஸ் பரிசோதனையில மாட்டாமப் போக ஒரு சின்ன வாய்ப்பு எப்பவும் உண்டு. அதுவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"இப்படியே இருந்தா?"

ஒருங்கிணைப்பாளர் அவள் கையில் குத்தியிருந்த ஊசிகளையும் ரத்தம் ஓடும் குழாயையும் பார்த்தார். "இப்படியே இருக்கறதும் ஆபத்துதான். அது பழகிட்டதால ஆபத்துன்னு தோணல."

கணவருக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

"இருக்கற நோய் பத்தாதுன்னு இன்னொண்ணைக் கைநீட்டிக் கூப்பிடுவாங்களா? பழுதுன்னு தெரிஞ்ச பார்ட்டை நீ உன் கவுண்டர்லேருந்து எடுத்துக் கொடுப்பியா?"

"எரிஞ்சுபோன பஸ்ஸிலேருந்து கழட்டின கியர்பாக்ஸைத் துடைச்சுப் பாத்து மாட்டியிருக்கோம். இன்னும் ஓடிட்டிருக்கு."

"நீ பஸ் இல்ல."

"நான் ஓடவும் இல்லையே."

அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். முதுகைக் காட்டியபடியே, "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் சரின்னு சொன்னேன்னு ஆகிடும். எனக்கு அதைத் தாங்கத் தெம்பு இல்ல" என்றார்.

"நீங்க சரின்னு சொல்ல வேணாம். நான் சொல்லிக்கறேன்."

ஆனால் சொல்வதற்கு முன் தம்பியை வரச் சொன்னாள். மருத்துவர் சொல்வது மருத்துவர் பேச்சு. அந்த மாத்திரையை விழுங்கிய ஒருவன் குடும்பத்திலேயே இருக்கிறான்.

"அது எப்படிடா இருந்துச்சு? உண்மையைச் சொல்லு."

"முதல் ரெண்டு மூணு வாரம் தலைவலி. நின்ன இடத்துல தூக்கம் வரும். வேற ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்றியா?"

"உன்கிட்ட எவ்வளவோ பொய் சொல்லியிருக்கேன்க்கா. அதெல்லாம் எனக்கு ஏதாவது வேணும்கறப்ப சொன்னது. இப்ப எனக்கு என்ன வேணும்?"

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். முகம் தெளிந்திருந்தது. கண்ணில் வருடக்கணக்காக இருந்த மங்கல் எப்போது போனது என்று அவள் கவனித்திருக்கவில்லை. மறுநாள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு காலை, பிரேக் லைனிங்குக்காக ஒரு மெக்கானிக் கவுண்டரில் காத்திருந்தபோது ஃபோன் வந்தது. ஒருங்கிணைப்பாளர்தான். உடனே வர முடியுமா என்றார். அவள் பிரேக் லைனிங்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, சாவிக்கொத்தையும் அவன் கையிலேயே திணித்துவிட்டுக் கிளம்பினாள்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு சிறிய அறையில் கணவரும் தம்பியும் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கொடையாளியைப் பற்றிச் சொன்னது அதிகமில்லை. இள வயது. ஹெபடைட்டிஸ் சி உண்டு. மற்றப் பரிசோதனைகள் எல்லாம் சரி.

தம்பி திடீரென்று சொன்னான். "என்னை மாதிரி ஒருத்தனா இருப்பான்க்கா."

கணவர் அவனை முறைத்தார். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"இல்ல மாமா. சும்மாதான்."

அது அவளுக்குச் சும்மாவாக இல்லை. எந்தக் காவல் நிலையத்திலோ எந்த இல்லத்தின் வாசலிலோ யாரோ ஒருத்தி காத்துக் காத்து அலுத்திருப்பாள். இன்று அவள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருங்கிணைப்பாளர் கடைசிக் கையெழுத்துக்காக வந்தபோது இவள் கேட்டாள். "அவருக்கு அக்கா யாராவது இருக்காங்களா?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"தெரியும். கேக்கணும்னு தோணுச்சு."

"வீட்டுல இருக்கறவங்க சம்மதிச்சாங்க. வைரஸ் இருக்கு, யாருமே வாங்கிக்காமப் போகலாம்னு சொன்னோம். பரவாயில்ல, கேட்டுப் பாருங்கன்னாங்க." அவ்வளவுதான் சொன்னார். அதுவே அதிகம் என்பதுபோலச் சட்டென்று எழுந்து போனார்.

புதுச் சிறுநீரகம் சில நாள் தூங்கியது. மறுபடியும் டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தபோது, ஏமாந்துவிட்டோம் என்று கணவருக்குத் தோன்றியதை அவர் முகமே காட்டியது. பிறகு ஒரு மதியம் அது விழித்துக்கொண்டது. அதே வாரம் ரத்தத்தில் வைரஸும் தெரிந்தது. "வந்தாச்சு" என்றாள் செவிலி, எதிர்பார்த்த விருந்தாளி வந்ததைச் சொல்வது போல. மாத்திரை தொடங்கியது.

தலைவலி வந்தது. தூக்கம் வந்தது. தம்பி பொய் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கை நடுக்கமும் வந்தது. அது உடம்பு புது உறுப்பை ஒதுக்கிவிடாமல் இருக்கக் கொடுத்த மருந்தின் வேலை. தேக்கரண்டி தட்டில் தந்தி அடித்தது. நடுவில் ஒருமுறை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு ஒன்று ஏறி, சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, மருந்தின் அளவைக் குறைத்தால் போதும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே அவள் துண்டு குளியலறையில் தனி ஆணியில் தொங்கியது. டம்ளரும் தனியாக நின்றது. கணவர் வேலைதான் அது. கேட்டால் சண்டை வரும், சண்டை போட அவளால் முடியாது. எனவே கேட்கவில்லை. அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது, அவள் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து அவர் மருத்துவரிடம் குசுகுசுவென்று ஏதோ கேட்டார். அறைக் கதவு சரியாக மூடியிருக்கவில்லை; திரும்பி வந்தவளுக்குப் பதில் வெளியிலேயே கேட்டது.

"ரத்தம் படற பொருளை மட்டும் தனியா வைங்க. பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ். தட்டு, டம்ளர், துண்டு இதுலேருந்தெல்லாம் ஒட்டாதுங்க. பக்கத்துல உட்கார்ந்தாலும் ஒட்டாது" என்று மருத்துவர் வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னார்.

அன்று மாலை துண்டு பழைய கொடிக்கே வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அவரே, "நானும் ஒரு முட்டாள்" என்றார்.

"தெரியும்" என்றாள்.

தம்பி இப்போது வீட்டுக்கு வந்தான். கதவருகே நின்றுகொண்டே, "நாக்கைக் காட்டு" என்பான். "போடா" என்பாள். ஒருநாள் மாத்திரை சாப்பிட மறந்து தூங்கிவிட்டவளை அவன்தான் எழுப்பிக் கொடுத்தான்.

மாத்திரை முடிந்து, அதற்குப் பிறகான காத்திருப்பும் முடிந்து, அவள் ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று உறுதியான அன்று யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. கணவர் மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "இந்த அசதி எப்ப போகும்?"

"வருஷக்கணக்கா சேந்தது. சேந்த மாதிரி மெதுவாத்தான் போகும்" என்றார் மருத்துவர். "முழுக்கப் போகுமான்னு எனக்குத் தெரியாது."

அந்தத் தெரியாது அவளுக்குப் பிடித்திருந்தது. அரை நாள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். வாரத்தில் அந்த மூன்று நாட்களும் திரும்பக் கிடைத்தபோது, அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலில் விளங்கவில்லை. பெரும்பாலும் தூங்கினாள்.

தம்பியின் கல்லீரலில் தழும்பு இருப்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவன் ஸ்கேன் எடுக்க வேண்டும். வைரஸ் போனாலும் தழும்பில் புற்று வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் அதைத் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தான். அவள் தேதி வாங்கினாள். சலவைக்கூடத்துக்கே போய் மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்டு அவனைக் கூட்டி வந்தாள்.

"நீ எதுக்குக்கா? உன்னால உட்காரவே முடியாது."

"படுத்துக்கறேன், போ."

ஸ்கேன் அறைக்கு வெளியே நீண்ட பெஞ்சு இருந்தது. அவள் பையைத் தலைக்கு வைத்துச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவன் தோளைத் தொட்டபோதுதான் விழித்தாள். வயிற்றில் தடவிய பசையைத் துடைத்தும் துடைக்காமலும், சட்டை ஈரத்தில் ஒட்டிக்கொள்ள நின்றுகொண்டிருந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"புதுசா ஒண்ணும் இல்லையாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொன்னாங்க."

"சரி, கையைக் கொடு" என்றாள். அவன் கையைப் பிடித்து எழுந்து, கால் நிதானத்துக்கு வரும்வரை கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.